அருகே போனால்தான் கேட்கும்



பேச்சைத் தொடங்கும் முன் மேசை மேல் இருக்கும் இந்தத் திசைகாட்டியைப் பாருங்கள். ஊசி வடக்கே பார்த்து நிற்கிறது. என் கையில் உள்ள இந்தச் சிறு காந்தத்தைப் பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவருகிறேன். ஊசி சட்டெனத் திரும்பிவிட்டது. இருபது சென்டிமீட்டருக்குத் தள்ளி வைக்கிறேன். லேசாக அசைகிறது, அவ்வளவுதான். மேசையின் அந்தக் கோடிக்கே கொண்டுபோய்விட்டால், இப்படியொரு காந்தம் இருப்பதே ஊசிக்குத் தெரியவில்லை.

காந்தம் அதேதான், ஊசியும் அதேதான். இடைவெளி மட்டும் மாறியது. சிறு காந்தத்தின் புலம், தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். தூரம் பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. மிகச் சிறிய காந்தம் பேசுவதைக் கேட்கக் கூர்மையான காது இருந்தால் மட்டும் போதாது; அந்தக் காதை அதன் வாயருகே கொண்டுபோகவும் வேண்டும். அப்படிக் கொண்டுபோகக்கூடிய காது ஒன்று இப்போது நம்மிடம் இருக்கிறது. அது வைரத்தில் செய்தது.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகால் அளக்கிறோம். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் கருவிக்குள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா இருக்கும். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அரங்கில் பூமியின் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. ஒரு டெஸ்லாவைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 40 கூறு என்று பொருள். நம் இதயத் துடிப்பு மார்புக்கு வெளியே உண்டாக்கும் புலம், பூமியின் புலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதைப் பிக்கோ டெஸ்லாவில் சொல்கிறோம். மூளையின் புலம் அதையும்விடச் சில நூறு மடங்கு மெல்லியது. அங்கே ஃபெம்டோ டெஸ்லா என்ற இன்னும் சிறிய அலகு வேண்டியிருக்கிறது.

இவற்றை அளக்கும் ஸ்குவிட் என்னும் கருவி 1960களிலேயே வந்துவிட்டது. மீக்கடத்தி வளையத்தால் ஆன அந்தக் கருவியின் நுட்பத்துக்கு இன்றும் வைரம் ஈடாகாது. இதை முதலிலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஸ்குவிட்டுக்குக் குளிர் வேண்டும். வழக்கமாக அதைத் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் வைத்திருப்பார்கள். அந்தக் குளிரைக் காக்கச் சுவர் வேண்டும். சுவர் இருந்தால் அளக்கும் பொருளுக்கும் கருவிக்கும் நடுவே இடைவெளி விழும். பொருளையும் சேர்த்துக் குளிரில் வைத்தால் நெருங்கலாம். உயிருள்ள செல்லை அந்தக் குளிரில் வைத்தால் அதற்குப் பிறகு அதை உயிருள்ள செல் என்று சொல்ல முடியுமா?

இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே ஓர் எலக்ட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். தற்சுழற்சி காரணமாக அதுவும் ஒரு காந்தம்தான். ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் அதன் புலம் ஒரு ஃபெம்டோ டெஸ்லாவில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. எந்தக் கருவிக்கும் எட்டாது. பத்து நானோமீட்டர் தூரத்துக்கு வந்தால் அதே எலக்ட்ரானின் புலம் ஏறத்தாழ 2 மைக்ரோ டெஸ்லா. பூமியின் புலத்தில் இருபதில் ஒரு பங்கு! நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து, அது மௌனமாகவும் இருக்கிறது, உரக்கவும் பேசுகிறது.

இனி வைரத்துக்குள் போவோம். சிலப்பதிகாரத்தில் மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்கும் இடத்தில், நல்ல வைரத்துக்கு ஆகாத குற்றங்கள் இவையென்று இளங்கோவடிகள் எண்ணிச் சொல்கிறார். கறை, புள்ளி, கீற்று, காக்கைக் கால் போன்ற வடு என்று அந்தப் பட்டியல் போகிறது. அவை கண் பார்த்துச் சொல்லும் குற்றங்கள். நம் கதைக்கு வேண்டிய குற்றம் இரண்டே அணுக்களின் அகலம் உள்ளது. எந்த வணிகர் கண்ணிலும் அது படாது.

வைரம் என்பது கரி அணுக்கள் வரிசை தவறாமல் அமர்ந்திருக்கும் படிகம். ஒவ்வோர் அணுவும் அக்கம்பக்கத்து நான்கு அணுக்களோடு கைகோத்திருக்கும். அந்த வரிசையில் ஓரிடத்தில் கரிக்குப் பதிலாக நைட்ரஜன் அணு ஒன்று உட்கார்ந்து, அதை ஒட்டிய இருக்கை காலியாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஜோடிக்கு நைட்ரஜன்-காலியிட மையம் என்று பெயர், சுருக்கமாக என்.வி. மையம் என்கிறார்கள். சுற்றுப்புறத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் கூடுதலாக வந்து அதில் சேர்ந்துகொண்டால், அந்த இடம் படிகத்துக்குள் குடியிருக்கும் தனி அணுவைப் போல நடந்துகொள்கிறது.

அதன் எலக்ட்ரான்களின் தற்சுழற்சிக்கு மூன்று நிலைகள் உண்டு. அவற்றைப் பூச்சியம், கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று எண்ணிட்டு அழைக்கிறோம். மையத்தின் மேல் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். பூச்சிய நிலையில் இருந்தால் பிரகாசமாக ஒளிரும். மற்ற இரண்டில் எதில் இருந்தாலும் மங்கலாக ஒளிரும். இன்னொன்றும் நடக்கிறது. பச்சை ஒளி தொடர்ந்து பட்டால், எந்த நிலையில் இருந்த மையமும் பூச்சிய நிலைக்கே வந்து சேர்கிறது. கரும்பலகையைத் துடைப்பதும் அதில் எழுதியிருப்பதைப் படிப்பதும் ஒரே ஒளியின் வேலையாகிவிடுகிறது.

என் வயதுக்காரர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். குமிழைத் திருகத் திருக முள் நகரும். இரைச்சலுக்கு நடுவே திடீரென்று இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். இங்கேயும் அப்படித்தான். வைரத்தின் மேல் நுண்ணலையைச் செலுத்தி அதன் அதிர்வெண்ணை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போகிறோம். சரியாக 2,870 மெகாஹெர்ட்ஸுக்கு வந்ததும் சிவப்பு ஒளி சட்டென மங்குகிறது. நம் வீட்டு வைஃபை பேசும் 2,400 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருக்கிறது இந்த நிலையம். அந்த நுண்ணலை, மையத்தைப் பூச்சிய நிலையிலிருந்து மற்ற இரண்டில் ஒன்றுக்குத் தள்ளிவிடுவதால்தான் ஒளி மங்குகிறது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும்.

காந்தப்புலம் வந்ததும் அந்த ஒற்றைப் பள்ளம் இரண்டாகப் பிரிகிறது. மையத்தின் அச்சுத் திசையில் ஒவ்வொரு மைக்ரோ டெஸ்லாவுக்கும் ஒரு பள்ளம் 28 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். மற்றது அதே அளவு கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் புலம் தெரிந்துவிடும். படிகத்தில் இந்த மையங்கள் நான்கு திசைகளில் அமையலாம். நான்கையும் சேர்த்துப் படித்தால் புலத்தின் வலிமையோடு அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் கிடைத்துவிடும்.

எடைக்குப் படிக்கல் வேண்டும். அந்தப் படிக்கல்லையும் அவ்வப்போது அரசு முத்திரைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வைரக் கருவிக்கு அந்த முத்திரை வேண்டாம்; அந்த 28 என்ற எண் எலக்ட்ரானின் இயல்பிலிருந்தே வருகிறது. சூரத்தில் வளர்ந்த வைரமானாலும் ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்த வைரமானாலும் எண் அதேதான். சூடு ஏறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் பள்ளங்கள் 74 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே நகரும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் சேர்ந்தே நகர்வதால் நடுவே உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது. சூட்டை விலக்கிவிட்டுக் காந்தத்தை மட்டும் படிக்க முடிகிறது.

இதெல்லாம் ஏன் வைரத்தில் நடக்கிறது, அதுவும் சாதாரண அறை வெப்பத்தில்? வைரம் விறைப்பானது, அதன் அணுக்கள் எளிதில் அதிராது. கரி அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின் உட்கருவுக்குக் காந்த இயல்பே கிடையாது. எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் குலைக்கப் பக்கத்து வீட்டுச் சத்தம் குறைவு. மிஞ்சிய ஒரு விழுக்காட்டையும் விலக்கி வளர்த்த வைரத்தில், அறை வெப்பத்திலேயே ஒரு மையம் 1.8 மில்லி விநாடி வரை தன் தாளத்தை மறக்காமல் இருந்ததை 2009இல் காட்டினார்கள். அணுவுலகில் அது நீண்ட நேரம்.

இந்த வைரங்களைச் சுரங்கத்தில் தேடுவதில்லை. மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைச் சூடான பிளாஸ்மாவாக்கி, அதிலிருந்து கரி அணுக்களை அடுக்கடுக்காகப் படியவைத்து வளர்க்கிறார்கள். வளரும்போதே சிறிது நைட்ரஜன் சேர்க்கலாம். பிறகு மேற்பரப்பில் பாய்ச்சியும் புதைக்கலாம். எலக்ட்ரான் கற்றையால் அடித்துச் சில கரி அணுக்களை இருக்கையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அதன் பின் 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் காலியிடங்கள் படிகத்துக்குள் அலையத் தொடங்கும். அலைந்து அலைந்து ஒரு நைட்ரஜன் அருகே வந்ததும் அங்கேயே தங்கிவிடும்.

ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ஒரே ஒரு மையத்தின் ஒளியைத் தனியாகப் பிரித்து, அதன் காந்த நிலையையும் 1997இல் படித்துக்காட்டினார்கள். அதை ஒரு காந்தமானியாகவே பயன்படுத்தலாம் என்பதை 2008இல் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலும் இரண்டு குழுக்கள் செய்து காட்டின. பிறகு இரண்டு வழிகள் வளர்ந்தன. ஒன்றில், வைர ஊசி முனையில் ஒற்றை மையத்தை வைத்து, பொருளின் மேல் வரிவரியாக நகர்த்திப் படம் எடுப்பார்கள். 2013இல் ஹார்வர்டில் இந்த முனையை 50 நானோமீட்டர் உயரத்தில் நகர்த்தி, அறை வெப்பத்தில் ஒற்றை எலக்ட்ரானின் காந்தப்புலத்தைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். சற்று முன் நாம் போட்ட கணக்கு அங்கே படமாக வந்தது. மற்ற வழியில், தட்டையான வைரச் சில்லின் மேற்பரப்புக்கு அடியில் மையங்களை ஒரு மெல்லிய படலமாகப் பரப்பி, பொருளை அதன் மேல் வைத்து, முழுப் படத்தையும் கேமராவால் ஒரே தடவையில் எடுப்பார்கள். நுணுக்கம் ஒளியின் அலைநீளத்தோடு நின்றுவிடும். ஆனால் பரப்பு அகலமாகக் கிடைக்கும்.

உயிருள்ள ஒன்றின் அருகே போவது என்றால் என்ன என்பதைக் காட்டியது இந்த இரண்டாம் வழிதான். குளத்துச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள்ளேயே மாக்னடைட் என்னும் இரும்புத்தாதுவின் நுண்மணிகளைச் செய்து, மாலைபோலக் கோத்து வைத்துக்கொள்கின்றன. அந்த மாலை அவற்றுக்குத் திசைகாட்டி. 2013இல் ஹார்வர்ட் குழு அந்தப் பாக்டீரியாக்களை உயிரோடு வைரச் சில்லின் மேல் விட்டு, ஒவ்வொன்றின் காந்தப்புலத்தையும் 400 நானோமீட்டர் நுணுக்கத்தில் படம் எடுத்தது. லேசர் ஒளி பாக்டீரியாவைச் சுடாமலிருக்க, அது வைரத்துக்குள்ளேயே பட்டுத் திரும்பும்படி சாய்வாகச் செலுத்தினார்கள். அருகே போக வேண்டும், ஆனால் தொந்தரவு செய்யக் கூடாது. நோயாளியின் கட்டில் அருகே உட்காருபவர்களுக்குத் தெரிந்த பக்குவம் இது.

2016இல் அடுத்த படி. நரம்பில் செய்தி ஓடுவதும் ஒரு மின்னோட்டம்தான். மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலம் உண்டு. கடலில் வாழும் ஒரு விசிறிப் புழுவின் தடித்த நரம்பிழையில் ஓடிய துடிப்பை வைரத்தால் கேட்டார்கள். இழையைக் குத்தவில்லை, சாயம் ஏற்றவில்லை. முழுப் புழுவையும் உயிரோடு வைத்து, உடலுக்கு வெளியே இருந்தும் அந்தத் துடிப்பை அளந்தார்கள். புலம் சில நானோ டெஸ்லாதான். மனித மூளையின் மெல்லிய நரம்புகளை இப்படித் தனித்தனியே கேட்க இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும். நாளைக்கே வந்துவிடும் என்று சொல்ல நான் தயாரில்லை.

மலேரியா பற்றி ஒரு வார்த்தை. மலேரியாக் கிருமி நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு, மிஞ்சும் இரும்புக் கழிவைக் கறுத்த நுண்படிகங்களாக ஒதுக்கி வைக்கிறது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கறுப்புத் துகள்களைக் கண்டுதான், மலேரியாவைச் சுமப்பது கொசு என்று பிடித்தார். அதே துகள்கள் மெல்லிய காந்த இயல்பு உள்ளவை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் அவற்றை ஒவ்வொன்றாக வைரச் சில்லின் மேல் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அது நோயைக் கண்டறியும் கருவியாக இன்னும் ஆகவில்லை. ஆனால் ராஸ் நிறத்தை வைத்துத் தேடியதை நாம் காந்தத்தை வைத்துத் தேட ஒரு வழி திறந்திருக்கிறது.

என்னை மிகவும் நெகிழவைத்த கதையை இப்போது சொல்கிறேன். 1940 அக்டோபரில் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் செமார்கோனா என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. இரண்டு கைகளில் அடங்கும் கல்தான். அது சூரிய மண்டலம் உருவான நாளிலிருந்து பெரிதாகச் சூடுபடாமல் வந்து சேர்ந்த அபூர்வக் கற்களில் ஒன்று. அதற்குள் மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான உருண்டை மணிகள் உண்டு. பூமி உருவாகும் முன், இளஞ்சூரியனைச் சுற்றிச் சுழன்ற வாயுத் தட்டில் உருகித் துளியாகி, பிறகு ஆறி இறுகியவை அந்த மணிகள். சில மணிகளுக்குள் ஒலிவின் என்னும் கனிமப் படிகத்தில் இரும்புத் துகள்கள் பொதிந்து கிடக்கின்றன. சூடான இரும்பு ஆறும்போது அன்று அங்கே இருந்த காந்தப்புலத்தைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். ஆறிய பின் அதை விடாது.

அந்தப் பதிவைப் படித்தால் 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த காந்தப்புலம் தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், விண்கல்லில் இரும்பு எங்கும் இருக்கிறது. மணியின் விளிம்பில் பிற்காலத்தில் சேர்ந்த பதிவும் இருக்கலாம். தள்ளி நின்று அளந்தால் எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்கும். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மணிகளின் மொத்தக் காந்தத்தை ஸ்குவிட்டால் அளந்தார்கள். ஹார்வர்டின் வைர நுண்ணோக்கியில் வைத்து, அந்தக் காந்தம் மணியின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று வரைபடம் எடுத்தார்கள். குரல் ஒலிவினுக்குள் இருந்த இரும்பிலிருந்தே வந்தது. 2014இல் வெளிவந்த முடிவு இது: அந்த மணிகள் பிறந்த இடத்தில் காந்தப்புலம் ஏறத்தாழ 54 மைக்ரோ டெஸ்லா, பிழை வரம்பு 21. இன்று பூமியில் நாம் உணராமல் வாழும் புலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

அந்த எண்ணால் என்ன பயன்? வாயுத் தட்டிலிருந்த வாயு சூரியனை நோக்கி எப்படி இவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பது நெடுநாள் கேள்வி. அதை நகர்த்தக்கூடிய அளவுக்குக் காந்தப்புலம் அங்கே இருந்தது என்பதற்கு இந்தக் கல் சாட்சி சொன்னது. சாட்சி 450 கோடி ஆண்டுகள் காத்திருந்தது. அதன் வாயருகே காதை வைக்க ஒரு கருவி வர வேண்டியிருந்தது. இரண்டு வகைக் கருவிகளும் அந்த வேலையில் கைகோத்தன என்பதையும் மறக்காதீர்கள். ஒன்று எவ்வளவு என்று சொன்னது; மற்றது எங்கே என்று சொன்னது.

அந்த ‘எங்கே’ என்ற கேள்விதான் தொழில் உலகத்தையும் இதன் பக்கம் இழுக்கிறது. கணினிச் சில்லுக்குள் மின்னோட்டம் ஓடும் பாதைகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பாதையும் தன் காந்தப்புலத்தை வெளியே விடுகிறது. சில்லு வேலை செய்துகொண்டிருக்கும்போதே வைரத்தை மேலே வைத்து, எந்தப் பகுதி இயங்குகிறது என்று படம் எடுக்க முடியும் என்பதை 2020இல் காட்டினார்கள். பழுது எங்கே, யாராவது ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று உடைக்காமல் பார்க்க இது உதவும். நம் நாட்டில் ஐ.ஐ.டி. மும்பையும் டி.சி.எஸ். நிறுவனமும் சேர்ந்து இத்தகைய கருவியை உருவாக்கப் போவதாக 2024இல் அறிவித்தன. 2023 ஏப்ரலில் ரூ. 6,003 கோடி ஒதுக்கிய தேசிய குவாண்டம் திட்டத்தில், உணர்விகளுக்கான மையமும் மும்பையில்தான். சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரங்களுக்கான தேசிய ஆய்வு மையம் ஐ.ஐ.டி. மெட்ராஸில், ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் ரூ. 243 கோடி நிதியோடு அமைந்திருக்கிறது. சூரத்தில் வைரம் வளர்க்கும் கைகள் ஏராளம். நகைக்கு வளர்க்கத் தெரிந்தவர்கள் கருவிக்கும் வளர்க்கக் கற்றுக்கொண்டால், இந்தக் காதுகளை நாமே செய்யலாம். அதற்கு மாசு இல்லாத கல் மட்டும் போதாது. நைட்ரஜன் எவ்வளவு, எந்த ஆழத்தில், எத்தனை காலியிடங்கள் என்று எண்ணி வைக்கும் கை வேண்டும்.

மாணவர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இது கோடிகளில் மட்டும் நடக்கும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். மையங்கள் நிறைந்த ஒரு சிறு வைரத்துண்டு, பச்சை லேசர், சிவப்பை மட்டும் விடும் வடிகட்டி, ஓர் ஒளியுணர்வி, நுண்ணலை தரும் ஒரு கருவி. இவை இருந்தால் 2,870இல் விழும் அந்தப் பள்ளத்தை ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். உலகின் பல பல்கலைக்கழகங்களில் இது இளநிலை மாணவர்களின் செய்முறைப் பயிற்சியாகவே நடக்கிறது. லேசருக்கு முன் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட மறக்காதீர்கள். அது ஒன்றுதான் என் கண்டிப்பு.

இந்தத் திசைகாட்டியையும் காந்தத்தையும் உங்கள் இயற்பியல் துறையிடமே விட்டுச் செல்கிறேன். அடுத்த முறை நான் வரும்போது இதே காந்தத்தை ஒரு வைரத்தின் அருகே கொண்டுவந்து, அந்த ஒற்றைப் பள்ளம் இரண்டாகப் பிரிவதை நீங்கள் எனக்குக் காட்ட வேண்டும். காந்தத்தை எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்தால் பள்ளங்கள் எவ்வளவு விலகுகின்றன என்று அளந்து, வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்துக் கொடுங்கள். தூரத்தின் மும்மடிக் கணக்கு உங்கள் கைப்படவே வெளிவரும். அன்றைக்கு மேடையில் நீங்கள் பேசுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நான் கேட்கிறேன்.